குப்பை வண்டி சொன்ன யோசனையும் வாலறுந்த குதிரையும்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற சுமைவண்டிக்காரர்,
கடைசி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நகராட்சிக் குப்பை வண்டியில் ஒலிபரப்பிய வீட்டுத் தோட்ட யோசனையால் என் குதிரை வாலை இழந்தது – அதே குதிரையை ஈத்தொல்லை என்று கூறி அப்புறப்படுத்தத் தாங்கள் இட்ட உத்தரவை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பள்ளிக்கூடம் போனவன் அல்ல. வண்டி ஓட்டிக்கொண்டே கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றவன். அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். பொறுத்துக்கொள்ளவும். எழுத்தில் பிழை இருக்கலாம், விஷயத்தில் இல்லை.

1. என்னிடம் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெண் குதிரை உள்ளது. எனக்குப் பிள்ளைகள் இல்லை. குட்டியாக அதைப் பிடித்துக்கொண்டு வந்த அன்று தெருவில், “பெரியவர் மருமகளைக் கூட்டிட்டு வந்துட்டார்” என்று சிரித்தார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. மருமகள் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும். இந்த மனுவில் மருமகள் என்று வரும் இடத்தில் எல்லாம் குதிரை என்று வாசித்துக்கொள்ளவும். என்னோடு சேர்ந்து அதுவும் வண்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றது. அதன் சாணத்தை மட்க வைத்துத் தெருவில் தோட்டம் போடும் எல்லா வீட்டுக்கும் சும்மாதான் கொடுத்து வந்தேன்.

2. தங்கள் குப்பை வண்டி காலையில் வரும்போது, குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பாட்டு முடிந்ததும், ஒரு பெண் குரலில் வீட்டுத் தோட்ட யோசனை வரும். நத்தை பெருகியிருந்த சமயத்தில் அந்தக் குரல் சொன்னது இது: ‘குதிரை வால்மயிரைச் செடியின் அடியில் வளையமாக வையுங்கள். நத்தை தாண்டாது.’ மயிர் எங்கிருந்து வரும் என்று இதை எழுதியவர் யோசிக்கவில்லை. எங்கள் பகுதியில் இருப்பது ஒரே ஒரு குதிரை.

3. முதலில் தெருக்காரர்கள் கேட்டு வாங்கினார்கள். சீப்பில் உதிர்ந்ததைக் கொடுத்தேன். பிறகு வேலி வழியாகக் கைவிட்டுப் பிடுங்கினார்கள். எதிர்வீட்டு வாத்தியாரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். “நாலே நாலு முடி, பெரியவரே. சொத்தையா எழுதித் தரச் சொன்னேன்?” என்றார். நான் அந்த யோசனையைக் குறை சொல்வதற்கு முன் என் கத்தரிச் செடியிலேயே செய்து பார்த்தேன். நத்தை மயிர் மீது ஏறியது, இறங்கியது, செடியைத் தின்றது, திரும்பி வந்து அந்த மயிருக்கு அடியிலேயே படுத்துக்கொண்டது. இதை வாத்தியாரிடம் காட்டினேன். அவர் குப்பை வண்டியை நம்பினார், தன் கண்ணை நம்பவில்லை.

4. எனக்குக் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் என் கூடப்பிறந்த தம்பியிடம் லாயத்துச் சாவியைக் கொடுத்தேன். “நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கண்ணே. மருமகளை நான் பாத்துக்கறேன்” என்றான். பார்த்துக்கொண்டான். நேரத்துக்குப் புல் போட்டிருக்கிறான், தண்ணீர் காட்டியிருக்கிறான். பிறகு, தங்கள் தோட்டத் திட்டத்தில் பாதி விலைக்குக் கொடுத்த கிளை வெட்டும் கவாத்துக் கத்தரியை எடுத்துவந்து வால்மயிரை வெட்டியிருக்கிறான். அது வாலைச் சுழற்றியதாம், கத்தரி மேலே ஏறிவிட்டதாம். மயிரோடு எலும்பும் சதையும் ஒரு முழம் போய்விட்டது. அந்த மயிரைத் தெருவில் ஆறு வீடுகள் பங்கு போட்டுக்கொண்டன.

5. ஒரு கண்ணில் கட்டோடு நான் வீடு திரும்பினேன். லாயத்தில் மருமகள் சுவரோடு பின்பக்கத்தை ஒட்டிக்கொண்டு நின்றது. என்னைக் கண்டும் திரும்பவில்லை. வாலைத் தேடினேன். வெட்டிய துண்டு தம்பியின் தோட்டத்தில் இருந்தது. எலும்போடு வளைத்துக் கத்தரிச் செடியைச் சுற்றி வைத்திருந்தான். அதன் மேல் ஒரு நத்தை உட்கார்ந்திருந்தது.

6. “தெரியாம பட்டுடுச்சுண்ணே. நுனிதானே போச்சு?” என்று தம்பி சொன்னான். காவல் நிலையத்தில், “வால்தானே பெரியவரே, வளரும். உங்களுக்கு முடி வளரலையா?” என்றார்கள். மயிர் வளரும், எலும்பு வளராது என்று சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை. தெருமுனையில் தையல்காரம்மா, “உங்க மருமக பாப் கட்டிங் போட்டுக்கிட்டாளாமே, அழகா இருக்கா?” என்று கேட்டார். நின்றிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் ஒரு பங்கு மயிர் வாங்கியவர்தான்.

7. குதிரைக்கு வால் அலங்காரம் இல்லை, ஐயா. அதற்கு இருக்கும் கை அது ஒன்றுதான். வால் போன பிறகு ஈக்கள் முதலில் புண்ணில் உட்கார்ந்தன, பிறகு வயிற்றின் அடியில், பிறகு கண்ணோரத்தில். மருமகள் நாள் முழுக்கக் காலை உதைத்து உதைத்து ஒரு பின்னங்குளம்பு பிளந்துவிட்டது. புண்ணில் புழு வைத்தது. கட்டில்லாத ஒற்றைக் கண்ணால் பார்த்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். எடுக்கும்போது அது உதைக்கவில்லை. நடுங்கியது, அவ்வளவுதான். இப்போது சூரியன் இருக்கும் வரை நான் சாக்குத் துணியோடு அதன் பின்னால் நின்று ஈ ஓட்டுகிறேன். அதற்கு வால் நான்தான். எனக்கு எழுபத்தெட்டு வயது. சாப்பிடப் போகும் நேரத்தில் அதற்கு வால் இல்லை. அதனால் நின்றபடியே சாப்பிடுகிறேன்.

8. இந்த நிலையில்தான் தங்கள் உத்தரவு வந்தது. ஈ மொய்ப்பதாகவும், நாற்றம் அடிப்பதாகவும், உதைக்கும் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்றும் தெருவாசிகள் புகார் கொடுத்தார்களாம். அந்தப் புகாரில் கையெழுத்துப் போட்டவை மயிரைப் பங்கு போட்ட அதே ஆறு வீடுகள். முதல் கையெழுத்து என் தம்பியுடையது. மாத முடிவுக்குள் குதிரையை லாரியில் ஏற்றி, தெருமாடுகளை அடைக்கும் நகராட்சிப் பட்டிக்குக் கொண்டுபோவதாக உத்தரவு சொல்கிறது. பட்டியை நேரில் போய்ப் பார்த்தேன். கூரை இல்லை, குப்பை மேட்டுக்கு அடுத்தது. கால்நடை மருத்துவர் என்னிடம், “பனி இறங்கற வரைக்கும் ஈ உக்காராம பாத்துக்கிட்டீங்கன்னா பொழைச்சுக்கும். பட்டிக்குப் போனா ஒரு வாரம் தாங்காது” என்றார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை இணைத்துள்ளேன்.

9. தம்பியை மன்னிக்கும்படி எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பலர் வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். தம்பி மனைவி சுவர் மேல் வைக்கும் சோற்றுத் தட்டு அங்கேயே காய்கிறது. முன்பெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் நத்தைகளைப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவேன். இப்போது அவற்றை உயிரோடு தம்பி தோட்டத்துக்குள் வீசுகிறேன். அவன் கத்தரியில் இனி காம்புதான் மிச்சம். இதற்கு வழக்குப் போட்டால் வரத் தயார்.

10. ஆகவே நான் கேட்பவை:

அ) குதிரையை அப்புறப்படுத்தும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும். நஷ்டஈடு வேண்டாம். தருவதாகச் சொல்லி ஆளை அனுப்பவும் வேண்டாம்.

ஆ) அதே குப்பை வண்டியில், அதே குரலில், கீழ்க்கண்டதை ஒலிபரப்ப வேண்டும்: ‘குதிரை மயிர் நத்தையைத் தடுக்காது. நாங்கள் சொன்னது தவறு. சாயங்காலம் நனைத்த சாக்கின் அடியில் முட்டைக்கோஸ் இலையைப் போட்டு வையுங்கள். விடிந்ததும் சாக்கைத் தூக்கினால் நத்தைகள் கூட்டமாக இருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். செடியைச் சுற்றிக் காய்ந்த சாம்பல் தூவுங்கள், மழை பெய்தால் மறுபடி தூவுங்கள். குதிரை வைத்திருப்பவர்கள் சாணத்தைத் தினமும் அள்ளித் தூரத்தில் மூடி வையுங்கள். படுக்கைப் புல்லை ஈரமாக விடாதீர்கள். குதிரையின் வாலைத் தொடாதீர்கள்.’ இதில் ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது. யோசனை பரவிய அளவுக்கு இதுவும் பரவ வேண்டும்.

இ) இவற்றை மறுப்பதாக இருந்தால், மறுப்பதற்கு முன் தாங்கள் ஒரு நண்பகலில் என் லாயத்துக்கு வர வேண்டும். சட்டையைக் கழற்றிவிட்டு மருமகளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். தங்கள் கைகளை நான் பின்னால் கட்டுவேன். இறுக்கமாகக் கட்டமாட்டேன். அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு கையை அவிழ்த்துவிட்டுப் பேனாவைத் தருகிறேன். தாங்கள் எந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டாலும் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

தங்கள் பதிலுக்காகச் சாக்குத் துணியோடு நின்றுகொண்டிருப்பவன்,
(கையொப்பம்)
ஓய்வு பெற்ற சுமைவண்டிக்காரர்

நாள்: இம்மாதம் பதினான்கு
இடம்: வீட்டின் பின்புறம், குதிரை லாயம்

இணைப்புகள்:
1. தங்கள் உத்தரவின் நகல்.
2. கால்நடை மருத்துவரின் சீட்டு.
3. குதிரை வால்மயிர், ஒரு பிடி. தங்கள் அலுவலக வாசலில் உள்ள பூந்தொட்டிகளுக்கு. கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.