அந்தோனியாருக்கு ஒளித்த பாண்

பெப்ரவரி 18, செவ்வாய்

இன்றைக்கும் ஒருத்தி கேட்டுவிட்டாள். கொட்டாஞ்சேனை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். "தம்பி எத்தனை வருசமாக் குடிச்சவர்?" என்றாள். என் தம்பி ஜெனிஸ்டன் கிறிஸ்மசுக்கு வைன்கூடத் தொடாதவன். பாங்கில் பகல் முழுக்கக் கதிரை, வரும் வழியில் வெள்ளவத்தையில் மாட்டிறைச்சிக் கொத்து றொட்டி, ஒரு பெரிய சோடா, வீட்டுக்கு வந்தால் கட்டில். வருசக்கணக்காக இதுதான். கொழுப்பு ஏறி ஏறி ஈரல் சுருங்கிப்போச்சு என்று மார்க்கெட்டில் நின்று விளக்கம் சொல்லவா? "உங்கட மனுசனை விடக் குறைவாத்தான் குடிச்சவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கத்தரிக்காயும் வாங்கவில்லை.

அதைவிடப் பெரியது பிறகு வந்தது. தம்பிக்கு என் ஈரலில் ஒரு துண்டு வெட்டி வைப்பதாகப் பேச்சு. அவனுக்கும் எனக்கும் ஒரே இரத்தம். என் மனுசன் றேமண்டுடையது பொருந்தாது. நான் தருகிறேன் என்று சொன்னதோடு எல்லாம் சரி என்றுதான் இருந்தேன். ஸ்கேன் பார்த்த டொக்டர் ஸும்றா தலையாட்டினார்.

"அக்கா, உங்கட ஈரல்லயும் கொழுப்பு நிறைய. இப்பிடியே வெட்ட ஏலாது. குறைச்சிட்டு வாங்க."

"எவ்வளவு காலம் இருக்கு டொக்டர்?"

"தம்பியப் பாத்தா... கனக்க இல்ல."

எனக்கா கொழுப்பு? நான் என்ன கொத்தா சாப்பிடுகிறேன்? ஞாயிற்றுக்கிழமை றேமண்ட் சமைக்கிற பண்டி இறைச்சி ஒன்றுதானே.

மார்ச் 4, செவ்வாய்

கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனேன். நாளை தபசு காலம் தொடக்கம். அவருக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்த்தி வைத்தேன்: தம்பி எழும்பி நடக்கும் வரைக்கும் மச்சம் தொடமாட்டேன். இறைச்சி, மீன், முட்டை ஒன்றும் இல்லை. அழுதேன். மனம் லேசாகிவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

றேமண்ட் பண்டி இறைச்சிக் கறி வைத்தார். கொறுக்காய்ப் புளி போட்டு, கறுப்பாக வறட்டி. வாசம் மாடி வரைக்கும் ஏறிவிட்டது. நான் அசையவில்லை. என்னில் எனக்கே பெருமை.

பின்னேரம் பாண்காரனின் ஆட்டோ, ஒலிபெருக்கியில் வழக்கமான மெட்டை அடித்துக்கொண்டு சந்திக்குள் வந்தது. கோதுமை மாவில் சுட்ட சூடான றோஸ் பாண். பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்து வயிறாரச் சாப்பிட்டேன், மேலே ஒரு பால்தேத்தண்ணி. மச்சமில்லாத சாப்பாடு என்னத்தைச் செய்யப்போகிறது?

என்னோடு கந்தோரில் வேலை செய்கிற அபிராமி மட்டும் சிரிக்கிறாள். வெள்ளவத்தைச் சைவப் பிள்ளை அவள். "எங்கட வீட்டில மூண்டு தலைமுறையா மச்சம் இல்லை அக்கா. அப்பாவுக்குச் சீனி வருத்தம், அம்மாவுக்குச் சீனி வருத்தம், பெரியப்பாவுக்கு பைபாஸ்." பகிடி விடுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

மார்ச் 25, செவ்வாய்

தம்பியின் கண் இன்னும் மஞ்சள். என் முகத்தைப் பார்த்தால் தன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், என்னிடம் ஈரல் வாங்குகிற வெட்கம்போல.

ஏப்ரல் 3, வியாழன்

கூடியிருக்கிறது. கடவுளே, ஸ்கேனில் கூடியிருக்கிறது! ஒரு துண்டு இறைச்சி தொடாமல் ஒரு மாதம், கொழுப்பும் கூடி, எடையும் ஏறிவிட்டது. மெசின் பிழை என்றேன். டொக்டர் ஸும்றா கோபிக்கவில்லை. காலையிலிருந்து இரவு வரைக்கும் என்னென்ன சாப்பிட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல என் வாயிலேயே எனக்குக் கேட்டது. பாண், சோறு, இடியப்பம், பாண், சீனி, வடை, பாண்.

"அக்கா, இறைச்சிய விட்டீங்க, சரி. அந்த இடத்துக்கு என்ன வந்திச்சு எண்டு பாத்தீங்களா? எங்கட வீடுகள்லயும் இதுதான். பகலெல்லாம் நோன்பு, மகரிப் தொழுகையோட ரோல்சும் சமோசாவும். பெருநாளுக்கு உடுப்பு இறுகும்." பிறகு மெல்லச் சொன்னார்: "பாணையும் சீனியையும் விடுங்க. சோறு ஒரு கைப்பிடி. முட்டை, மீன், தோல் இல்லாத கோழி கொஞ்சம், கீரை நிறைய. ஒவ்வொரு நாளும் வேர்க்க நடக்கணும்."

முட்டை, மீன், கோழி. நேர்த்தியை உடைக்கச் சொல்லுகிறார்.

ஏப்ரல் 4, வெள்ளி

றேமண்டோடு சண்டை. "நீ அந்தோனியாருக்குப் பண்டியைக் குடுத்திட்டுப் பாணை ஒளிச்சு வச்சிட்டாய்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கி எறியப் பார்த்தேன். எறியவில்லை. பிறகு குளியலறைக்குள் இருந்து யோசித்தேன். உண்மைதானே? பண்டி இறைச்சி எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. அது இல்லாமல் நான் செத்துப்போகமாட்டேன். பாண் இல்லாமல் ஒரு பின்னேரம் இருந்திருக்கிறேனா? எனக்கு நோகாததைத்தான் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் வாய் கொடுத்தது கொடுத்ததுதானே! உடைத்தால் தம்பிக்கு ஏதும் நடந்தால்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மறுபடி கொச்சிக்கடை. சனம் நெரிகிற நேரம். மார்க்கெட்டில் பேரம் பேசுவதுபோல அவரோடு பேசினேன். "அந்தோனியாரே, மச்சத்தை நான் திருப்பி எடுக்கிறன். பாணைத் தாறன், சீனியைத் தாறன். இது எனக்கு நல்லா நோகும், பாத்துக்கொள்ளும்." பக்கத்தில் நின்ற கிழவி திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து சாளை மீன் ரெண்டு அவித்துச் சாப்பிட்டேன். நேர்த்தியை மாற்றினால் கோபிப்பாரோ?

ஏப்ரல் 12, சனி

கோபித்துவிட்டார். தம்பிக்கு வயிறு வீங்கி, நினைவு தடுமாறி, காலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்னை அம்மா என்று கூப்பிட்டான். நான் மீன் திண்டன், அவன் விழுந்திட்டான். நான்தான்! றேமண்ட் சொல்கிறார், வயிற்றில் தண்ணி கட்டுவது இந்த வருத்தத்தில் வாறதுதானாம், டொக்டரும் அப்படித்தான் சொன்னவராம். அவருக்கு என்ன தெரியும். நேர்த்தி வைத்தவள் நான்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்து ஞாயிறு. முட்டையை அவித்துத் தட்டில் வைத்துவிட்டு முன்னால் இருந்தேன். சாப்பிட்டாலும் பயம், சாப்பிடாவிட்டாலும் பயம். சாப்பிடாவிட்டால் ஈரல் திருந்தாது, அவன் நிச்சயம் சாவான். அழுது அழுது சாப்பிட்டேன். பிறகு பாசிக்குடாவுக்கு வாற வெள்ளைக்காரர் மாதிரி வெயிலில் கடற்கரைப் பக்கம் நடந்தேன்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கோவிலில் எல்லாருக்கும் கஞ்சி. நான் வேண்டாம் என்றேன். கஞ்சியும் சோறுதானே. பெரிய வெள்ளியில் கஞ்சியை மறுக்கிறவளை எல்லாரும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். தம்பி கண் திறந்து கதைக்கிறானாம்.

மே 6, செவ்வாய்

பாண்காரன் வீட்டுக்கு முன்னாலேயே நிற்பாட்டி மெட்டை அடிக்கிறான். "அக்கே, பாண் எப்பாத?" பாண் வேண்டாமா என்று சிங்களத்தில் கேட்கிறான். "எப்பா மல்லி, எப்பா!" என்று கத்திவிட்டு யன்னலைச் சாத்தினேன். இறைச்சிக்கு ஒருநாளும் இப்படி யன்னல் சாத்தியதில்லை.

மே 27, செவ்வாய்

குறைந்திருக்கிறது.

டொக்டர் ஸும்றா ஸ்கேன் படத்தை இரண்டு தரம் பார்த்தார். "இப்ப வெட்டலாம் அக்கா" என்றார், என்னவோ கேக் வெட்டுகிற மாதிரி. வெளியே வந்து ஒழுங்கையில் நின்று அழுதேன். றேமண்டும் மெலிந்துவிட்டார், என்னோடு சேர்ந்து நடந்து நடந்து. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கறியை அவர் விட்டுவிடவில்லை. நாலு துண்டு, ஒரு கோப்பை கீரை, அவ்வளவுதான்.

ஜூன் 16, திங்கள்

நாளைக்கு வெட்டு. எனக்கு ஒரு கட்டில், தம்பிக்கு அடுத்த வார்டில் ஒரு கட்டில். பின்னேரம் சக்கரக் கதிரையில் வந்து என் கையைப் பிடித்தான். "அக்கா, பயமெண்டால் இப்பவும் வேண்டாம் எண்டு சொல்லு. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

"வாயைப் பொத்து. இதுக்காக நான் எவ்வளவு பாணை விட்டனான் தெரியுமே?"

பயம்தான். ரெண்டு பேரும் எழும்பவேணும் அந்தோனியாரே, ரெண்டு பேரும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வடு இன்னும் கடிக்கிறது. சொறியக்கூடாதாம்.

றேமண்ட் சமைத்தார். மேசையில் தம்பியும் இருந்தான். கண் வெள்ளை. சின்னப் பிள்ளையின் கண்போல வெள்ளை. அவனுக்கு ஒரு கைப்பிடி சோறும் கீரையும் கோழியும் வைத்தேன். கொத்து என்ற பேச்சே எடுக்கிறதில்லை.

பின்னேரம் சந்தியில் அந்த மெட்டுக் கேட்டது. நான் யன்னலைச் சாத்த எழும்பினேன். தம்பி காதைக் கொடுத்துக் கேட்டான்; வாழ்க்கையில் ஒருநாளும் பாணைத் திரும்பிப் பார்க்காதவன்.

"அக்கா, சத்தியமாச் சொல்லுறன், உள்ளுக்க இருந்து ஆரோ பாண் கேக்கினம். என்ர ஆள் இல்லை, இது நீ தந்த ஆள்."

சிரித்தால் வடு நோகும் என்று தெரியும். சிரித்தேன். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். றேமண்ட் எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு எழும்பிப்போய் யன்னலைச் சாத்தினார்.