ஓவேலியின் கொக்கி

ஜூன் 9, திங்கள்
குன்னூரில் விடாத மழை. சனிக்கிழமை யானை வந்தபோது எங்கள் கம்பெனி புரோகிராம் அனுப்பும் எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். தேவர்சோலைக்குப் போயிருக்கிறது, ஓவேலிக்குப் போகவில்லை. அங்கே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தெய்வம்மா என்ற அம்மா ஓடி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில்.

காரணம் அல்பம். ஆங்கிலத்தில் ஓவேலி என்று எழுதினால் ‘ஓ’வுக்கு அடுத்து மேலே ஒரு சின்னக் கொக்கி வரும். அதைக் கண்டதும் பெயர் முடிந்துவிட்டது என்று புரோகிராம் நின்றுவிட்டது. இந்த மலையிலேயே பிறந்த எங்களுக்கு அது தோன்றவில்லை.

மேனேஜர் வசந்தகுமார் கேட்டார்: “யாரு எழுதுன புரோகிராம் கோடுன்னு வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, உமாராணி.”

ஜூன் 10
அந்தப் பகுதி என்னோடு வேலை பார்க்கும் ரெனிஷ் எழுதியது. யார் எதை மாற்றினார் என்று பதிவாகும் ஹிஸ்டரியிலோ என் பேர். ஏப்ரலில் தேவர்சோலையில் அவன் வீட்டில் மூன்று நாள் கரண்ட் இல்லை. அதனால் அவன் தனியாக எழுதிவைத்திருந்த பிராஞ்சை மெயின் புரோகிராமோடு நான்தான் மெர்ஜ் செய்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு அவன் பதிந்திருந்த முப்பத்தொரு கமிட்டையும் என் பேரில் ஒரே கமிட்டாகச் சுருட்டினேன். பிராஞ்சையும் அழித்தேன். சுத்தமா இருக்கட்டும்னு. என் சுத்தத்துல தீய வைக்க.

ஜூன் 11
அழித்த பிராஞ்சைத் தேடினேன். ஒன்றுமில்லை.

ஜூன் 12
“ரெனிஷோட கோடுங்க” என்று சொல்லிவிட்டேன். பொய்யில்லையே.

ஜூன் 13
ரெனிஷை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன் செய்தேன். சண்டை போட்டிருந்தால் தேவலை. “லாப்டாப்பத் திருப்பிக் கொடுக்கணும் சேச்சி. பழைய பிராஞ்ச் இதுல இருக்கு, அனுப்பட்டா?” என்றான்.

ஜூன் 14
வந்தது. முப்பத்தொன்றாவது கமிட், அவன் எழுதிய குறிப்போடு: “ஓவேலி கொக்கி சரி பண்ணியாச்சு.”

அப்ப மெயின்ல ஏன் இல்ல?

மெர்ஜின்போது அந்த ஃபைலில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் கைவைத்திருந்தோம். யாருடையது வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. எனக்குக் கடைசி பஸ். என்னுடையதை வைத்துக்கொண்டேன்.

நான்தான். அய்யோ, நானேதான்.

ஜூன் 16, திங்கள்
வசந்தகுமாரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். என்னை நிறுத்துங்க என்றேன்.

“புரியுதுங்க. ஆனா ரிப்போர்ட் மேல போயிருச்சு. ரெண்டு பேரையும் அனுப்பிட்டு யார வெச்சு வேல பாக்கறது? அந்தத் திருத்தத்த மட்டும் இன்னைக்கே போட்டுருங்க.”

அழுது பார்த்தேன். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போட்டேன். புதிதாக எழுதவில்லை, அவன் கமிட்டையே அப்படியே எடுத்துச் சேர்த்தேன். சோதனைச் செய்தி ஓவேலிக்குப் போய்விட்டது. ஹிஸ்டரியில் இப்போது இருப்பது இதுதான்.

எழுதியவர்: ரெனிஷ், ஏப்ரல் 17.
சேர்த்தவர்: உமாராணி, ஜூன் 16.