பெருந்துறை ஏட்டறை களவுபோனது குறித்து ஓடக் கழகத் தலைவருக்கு

ஆறு வாழ்க. ஆற்றின்மேல் செல்லும் ஓடம் வாழ்க. துடுப்புப் பிடித்த கைகள் வாழ்க. ஓடத்தை நம்பி அடியெடுத்து வைக்கும் மக்கள் நெடிது வாழ்க.

ஏழாற்று நாட்டின் கோப்பெருந்தேவியும், மலைவாயிலும் கடல்வாயிலும் காப்பவளும், அழுதவர் குரலுக்குக் கதவடைக்காதவள் என்று தன் மக்களால் அழைக்கப்படுபவளுமாகிய ஆழிநங்கை, பெருந்துறை ஓடக் கழகத்தின் தலைவர் குமிழன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. உமது துறைக்கு நலம் வேண்டினோம். உமது ஓடங்களுக்கும் ஓடக்காரர்க்கும் நலம் வேண்டினோம். உமக்கென்று தனியே வேண்டுவதற்கு இன்று நம்மிடம் சொல் இல்லை. மேலே படியும்.

நீர் எழுதிய ஓலை கிடைத்தது. அதனுடன் வந்த சந்தனப் பேழையைத் திறவாமலே திருப்பி அனுப்பியுள்ளோம். ஓலையை மட்டும் இரண்டு முறை படித்தோம். கழகத்தின் ஏட்டறையில் சிறு ஒழுங்கின்மை நேர்ந்தது என்றும், அது உடனே சீர்செய்யப்பட்டது என்றும், பயணிகளின் நலனே கழகத்தின் உயிர் என்றும் அதில் எழுதியிருந்தீர். நம் பாட்டனார் வழங்கிய செப்பேட்டின்படி கழகத்தின் உள் காரியங்களில் அரசு தலையிடுவதில்லை என்றும் பணிவோடு நினைவூட்டியிருந்தீர். பணிவு எழுத்தில் இருந்தது.

அந்தச் சிறு ஒழுங்கின்மையால் ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று இப்போது சொல்கிறோம். இதைக் கேட்டறிய உமக்கு வழி இருந்தது, மனம் இல்லை. ஆகவே படித்தாவது அறிந்துகொள்ளும்.

அவளை இவ்வோலையில் வெண்ணி என்று அழைப்போம். அது அவள் பெயரன்று. அவள் பிறந்த ஊரையும் பிழைத்த ஊரையும் வேறு பெயர்களாலேயே எழுதுகிறோம். அவ்வாறு எழுத அவளுடைய இசைவையும் கேட்டுப் பெற்றோம்.

மலையடிவாரத்துக் கருமேட்டூரில், மதகு திறப்பதில் எழுந்த சண்டையில், வெண்ணியின் கணவனுக்கு மூத்தவனான வேழன் என்பவன் பக்கத்து வயல்காரனை மண்வெட்டியால் வெட்டிக் கொன்றான். கரையில் நின்றவர் பலர். மன்றத்தில் விசாரித்தபோது அத்தனை பேரும் நிலத்தைப் பார்த்தபடி, தாம் ஒன்றும் காணவில்லை என்றனர். வெண்ணியின் கணவனும் அவ்வாறே சொன்னான். புல்லுக்கட்டோடு வரப்பில் வந்துகொண்டிருந்த வெண்ணி ஒருத்திதான், தான் கண்டதாகச் சொன்னாள். மூன்று பெரியவர்கள் மாற்றி மாற்றிக் கேட்டும் சொல் மாறவில்லை. வேழன் நாடுகடத்தப்பட்டான். காவலர் அவனை இழுத்துச் சென்றபோது அவன் திரும்பி, எந்த நாட்டு எல்லைக்கு அப்பால் விட்டாலும் அவளைத் தேடி வருவேன் என்று ஊர் கேட்கக் கூவினான்.

அதன்பின் அந்த வீட்டில் அவளுக்குச் சோறும் இல்லை, பேச்சும் இல்லை. நம் நாட்டதிகாரி அவளை ஆற்றைக் கடந்து போகச் சொன்னார். அக்கரையில் நாவற்றுறை என்னும் ஊரில், கயிற்றுக்கொட்டகை நடத்தும் கொற்றி என்பவளிடம் வேலை கிடைக்கும் என்றும், அங்கே அவளை அறிந்தவர் எவரும் இல்லை என்றும், அரசியின் சொல் அவளுக்குக் காப்பு என்றும் உறுதி கூறினார். அது நம் பெயரால் கொடுக்கப்பட்ட சொல், சாத்தனாரே. உமது ஓடம் அந்தச் சொல்லையும் ஏற்றிக்கொண்டுதான் புறப்பட்டது.

ஓடம் ஏறுமுன் உமது எழுத்தன் அவளை நிறுத்தினான். பெயர், தகப்பன் பெயர், புறப்பட்ட ஊர், போய்ச்சேரும் வீடு, உடலில் உள்ள அடையாளம் எல்லாம் கேட்டான். ஓடம் கவிழ்ந்தால் உறவினர்க்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பதற்காக உமது முன்னோர் வகுத்த முறை அது; அதில் குற்றம் இல்லை. வெண்ணி தயங்கினாள். சொல்லாதவர்க்கு ஓடம் இல்லை என்றான் அவன். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்று கேட்டாள். கறையான்கூடப் படிக்காது, அம்மா, பயப்படாமல் சொல்லு என்று சிரித்தான். பொய் சொல்ல அவளுக்கு அப்போது பழக்கம் இல்லை. உள்ளதைச் சொன்னாள். இடக்கையில் முழங்கைக்குக் கீழே தீப்பட்ட தழும்பு இருப்பதையும் காட்டினாள்.

அவள் பத்திரமாகக் கரையேறினாள். கவிழாத ஓடத்தில் சென்றவளின் ஏட்டை வைத்துக்கொண்டு உமக்கு என்ன பயன்? ஆயினும் வைத்துக்கொண்டீர். ஏறிய ஒவ்வொருவரின் ஏட்டையும், உமது தகப்பனார் காலத்திலிருந்து, கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தீர்.

நாவற்றுறையில் கொற்றி அவளிடம் பெயர் கேட்டாள். வெண்ணி ஏதோ ஒரு பெயரைச் சொன்னாள். சொல்லுமுன் அவள் விழித்ததைக் கொற்றி கவனிக்காமல் இல்லை. நல்ல பெயர்தான், உனக்கும் பழகட்டும் என்று சொல்லி, நார்க்கட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். கொற்றி உரத்த குரல்காரி. கொட்டகையில் அவள் வையாத ஆள் இல்லை. வைத வாயாலேயே கூப்பிட்டுக் கூழ் ஊற்றுவாள். முதலில் சில மாதங்கள் வெண்ணி சுவரோரமாகவே படுத்தாள். பிறகு நடுக்கூடத்தில் மற்றப் பெண்களோடு படுக்கத் தொடங்கினாள். தன் சிரிப்புச் சத்தத்தைத் தானே கேட்டுத் திடுக்கிட்ட நாள் ஒன்று உண்டு என்று அவள் நம்மிடம் சொன்னாள்.

இனி உமது பக்கத்துக்கு வருவோம். ஏட்டறைக்கு நின்ற காவலர் இருவரையும், மிளகு விலையேறிய பருவத்தில், உமது சொந்தக் கிடங்குக்கு மாற்றினீர். கூரையைப் பிரித்து இறங்கியவர்கள் ஏட்டுக்கட்டுகளை வாரிச் சென்றனர். விடிந்ததும் நீர் கழகத்தாரைக் கூட்டினீர். அங்கே நடந்ததைத் துறைக்காவல் அதிகாரி ஆதன் அழிசி நம் முன் ஒப்புக்கொண்டுவிட்டார். எல்லாத் துறைகளிலும் பறையறைந்து மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவர் எழுந்து சொன்னாராம். நீரோ, பொன் போகவில்லை, பொருள் போகவில்லை, போனது வெறும் ஓலை; பறையறைந்தால் நாளை நம் ஓடத்தில் எவன் ஏறுவான் என்று கேட்டீராம். ஆதன் அழிசி உட்கார்ந்துவிட்டார். அன்று உட்கார்ந்ததை நினைத்து அவர் நம் முன் அழுதார். நாம் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

நீர் கூரையை வேய்ந்தீர். புதிய பூட்டுப் போட்டீர். அதைத்தான் சீர்செய்தோம் என்று எழுதினீர் போலும்.

ஏடுகள் சந்தைக்கு வந்தன. மகன் அனுப்பியதாகப் பெயரும் அடையாளமும் சொல்லி முதியவர்களின் வீடுகளில் நுழைந்து நகையைக் கொண்டுபோனவர்கள் உண்டு. வீட்டுக்காரன் வெளியூர் சென்ற வீடு எது என்று அறிந்து புகுந்தவர்களும் உண்டு. இழந்தவர்கள் தத்தம் வேலைக்காரரையும் அண்டை வீட்டாரையும் ஐயுற்றனர். உம்மை ஐயுற ஒருவருக்கும் தோன்றவில்லை. நாடுகடத்தப்பட்டும் ஒளிந்து திரும்பிய வேழன், கருமேட்டூரிலிருந்து போனவர்களின் ஏடு கிடைக்குமா என்று கேட்டு, ஓர் ஆட்டுக்கிடாயைக் கொடுத்து ஒற்றை ஓலையை வாங்கினான். உமது துறைச் சந்தையிலேயே வாங்கினான்.

ஒரு காலைப் பொழுதில், பச்சைக்கயிற்றை வெயிலில் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த வெண்ணியிடம் கொற்றி விரைந்து வந்தாள். கடைத்தெருவில் ஒருவன் இடக்கையில் தழும்புள்ள பெண்ணைத் தேடுகிறான் என்றும், தன்னிடம் அவள் ஒருநாளும் சொல்லாத ஒரு பெயரைச் சொல்கிறான் என்றும், தகப்பன் பெயரையும் கொட்டகையையும்கூடச் சரியாகச் சொல்கிறான் என்றும் மூச்சிரைக்கக் கூறினாள். கூறிவிட்டு, நீ உள்ளே போய் நார்க்குவியலுக்குப் பின்னால் இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அப்போது வெண்ணிக்குத் தோன்றியது ஒன்றே. தழும்பைக் கண்டவள் கொற்றி. தன்னோடு இருந்தவள் கொற்றி. தன் பெயர் அறிந்த அதிகாரியோடு பழகியவளும் கொற்றி. ஏடு களவுபோனது அவளுக்குத் தெரியாது. தெரியும்படி எவரும் சொல்லவில்லை. என்னை எவ்வளவுக்கு விற்றாய் என்று கொற்றியின் முகத்துக்கு நேரே கேட்டாள். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் கேட்டனர். கொற்றி, உரத்த குரல்காரியான கொற்றி, அவள் கையைப் பற்றி உள்ளே இழுக்க மட்டுமே பார்த்தாளாம். ஒளிந்துகொள்ளச் சொன்ன இடமே கண்ணி என்று நினைத்து, வெண்ணி அவள் கையை உதறிவிட்டுப் பின்வாசல் வழியே ஆற்றுப் பாதையில் ஓடினாள். வேழன் அந்தப் பாதையில்தான் வந்துகொண்டிருந்தான்.

அவன் கத்தியை ஓங்கியபோது நடுவில் வந்து விழுந்தவள் கொற்றி. அத்தனை வசவுக்குப் பிறகும் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். கொட்டகைப் பெண்கள் வேழன்மீது பாய்ந்து, கையிலிருந்த கயிற்றாலேயே அவனைக் கட்டினார்கள். கொற்றி வெண்ணியின் மடியில் கிடந்தாள். நான் சொல்லவில்லையடி என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். வெண்ணி நம்பிவிட்டதாகச் சொன்னாள். ஆனால் அப்போது உண்மையில் நம்பினாளா, சாகிறவளின் மனம் ஆறட்டும் என்று சொன்னாளா என்று அவளுக்கே தெளிவில்லை. வேழனைச் சோதித்தபோது அவன் மடியிலிருந்து உமது கழகத்துக் குறியிட்ட ஓலை விழுந்தது. எழுத்தறிந்த ஒருவர் அதைப் படிக்க, ஓடத்துறையில் தான் சொன்ன சொற்களையே வெண்ணி வரிசையாகக் கேட்டாள். அதற்குள் கொற்றி இறந்திருந்தாள்.

கொற்றி உமது ஓடத்தில் ஒருநாளும் ஏறியவள் அல்லள். அவள் பெயர் போய்ச்சேரும் வீடு என்ற இடத்தில் மட்டுமே இருந்தது.

கத்தி வேழனுடையது, அதற்கு அவன் நம் சிறையில் பதில் சொல்கிறான். ஆனால் வெண்ணி கொற்றியிடம் கேட்ட கேள்வி உம்மால் வந்தது. ஏடு களவுபோயிற்று, எச்சரிக்கையாக இரும் என்று ஒரு வாய்ச்சொல் அந்தக் கொட்டகைக்குப் போயிருந்தால், இருவரும் சேர்ந்து கதவை அடைத்திருப்பார்கள். களவைத் தடுக்க முடியாமற்போனது உமது அசட்டை. அதை மறைத்தது உமது தீர்மானம். முன்னதைப் பொறுக்கலாமா என்று எண்ணிப் பார்த்தோம். பின்னதைப் பற்றி எண்ணவே இல்லை.

கயிற்றுக்கொட்டகைப் பெண் ஒருத்தி என்று மட்டும் கேள்விப்பட்டு, நடந்ததைக் கேளாமலே நீர் வெண்ணிக்கென்று அனுப்பிய பட்டுச்சேலையை நம் அதிகாரி அவளிடம் காட்டினார். அவள் தொடவில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றார் அதிகாரி. அப்படியானால் ஏன் என்னிடம் வந்து நிற்கிறீர்கள் என்றாள். அந்தக் கேள்விக்குத்தான் இவ்வோலை எழுதப்படுகிறது.

இனி ஆணை. ஏடு களவுபோன ஒவ்வொருவர் வீட்டுக்கும் கழகத்தார் நேரில் செல்க. எது போயிற்று, எப்போது போயிற்று, அதைக்கொண்டு என்ன தீங்கு வரக்கூடும், எவனை நம்பலாகாது என்பதை எழுத்தறியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி வாயால் சொல்க. ஒழுங்கின்மை என்ற சொல்லை எவரேனும் பயன்படுத்தினால் அவர் நாவுக்கு நாம் பொறுப்பல்லோம். அஞ்சி ஊர் மாற விரும்புவோரைக் கழகத்தின் ஓடங்கள் கூலியின்றி ஏற்றுக. அவர்கள் எங்கே இறங்கினார்கள் என்று ஒருவரும் கேட்கலாகாது. இனிமேல் ஓடம் கரை சேர்ந்ததும் அன்றைய ஏடுகளைப் பயணிகளின் கண்முன் எரித்துவிடுக. செப்பேட்டை எடுத்துக்காட்டினீர், அதில் மக்களைக் கரைசேர்ப்பவர்க்கே இவ்வுரிமை என்ற வரியும் உண்டு. படித்துப் பாரும். ஆதன் அழிசி துறைகளைச் சுற்றிச் சொல்வார். தலைமைக்கோலை இவ்வோலை கொண்டுவரும் தூதரிடம் கொடுத்துவிட்டு, நாவற்றுறை என்று நாம் இங்கே எழுதிய ஊருக்கு அவர் வழிகாட்ட நீர் செல்வீராக. கயிற்றுக்கொட்டகைப் பெண்கள் முன் நின்று, நடந்ததை உமது வாயால் சொல்வீராக. அவர்கள் கேட்பதற்கெல்லாம் விடை சொல்வீராக. அவர்கள் போகச் சொல்லும்வரை நிற்பீராக.

வெண்ணியைத் தேட வேண்டா. மன்னிப்புக் கேட்கவும் தேட வேண்டா. அவள் போய்விட்டாள், எங்கே என்று நாம் கேட்கவில்லை.

மீன்கொத்தி இலச்சினை பொறித்து, அவையோர் அறிய, ஆறு வற்றாதவரை இவ்வாணை வற்றாது நிற்க என விடுத்தோம். தேவியார் சொல்ல எழுதினேன், திருமந்திர ஓலை எழுதும் நன்னாகன்.

இலச்சினைக்குக் கீழே தேவியார் தம் கைப்பட எழுதியது:

சாத்தனாரே, இவ்வோலை உம்மிடம் வருமுன்பே எல்லாத் துறைகளிலும் பறையறைந்து படிக்கப்பட்டுவிட்டது. இந்நாட்டில் இதைக் கடைசியாக அறிபவர் நீர்தாம். வாசலில் கேட்கும் ஆரவாரம் உமது பயணிகளுடையது. எழுந்து போய்க் கதவைத் திறவும்.