என் உம்மா, என் குதிரை

அன்பு மகள் ஹிஃப்ஸாவுக்கு, சத்வாவிலிருந்து வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இந்த அரபு நாட்டு வெயிலில் நானும் என் தையல் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஜெர்மனிக் குளிரில் உன் உடம்பு சுகம்தானா. போனில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதோடு இரண்டு பேருக்கும் பேச்சு முடிந்துவிடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கிரேக்கப் பரீட்சை இருக்கிறது, இந்தத் தடவை வர முடியாது என்று நீ சொன்னதும் சரிம்மா என்று வைத்துவிட்டேன். உள்ளுக்குள் கோபம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீ வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போவது விசாவை உயிரோடு வைக்கத்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன், எனக்கு அதுதான் பெருநாள். பத்தொன்பதாம் தேதியோடு நீ வெளியே போய் ஆறு மாதக் கெடு முடிகிறது, அதற்குள் வந்து இறங்காவிட்டால் விசா ரத்து. விசா பேப்பர் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர் கௌஸ் முகம்மதுவிடம் கேட்டேன், விசா போனா போவுது காக்கா, புள்ளைய விசிட்ல கூப்பிட்டுக்கலாம் என்று சிரித்தார். உன் உம்மா மவுத்தான பிறகு என் ஸ்பான்சரில் இருப்பது உன் பேர் ஒன்றுதான். அதுவும் போனால், இங்கேயே வளர்ந்த பிள்ளையை விருந்தாளி என்று எழுதிக் கொடுத்துக் கூப்பிட வேண்டும். கடைக்குத் திரும்பி வந்து ஓர் அரபியின் கந்தூரா அங்கியில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன், முப்பது வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

தையலைப் பிரிக்க பிளேடு தேடி மேசை டிராயரைத் திறந்தால், போன தடவை நீ விட்டுப்போன நோட்டு. பழைய கிரேக்கத்தில் என், எங்கள் என்று சொல்வதை ஒரு பக்கம் முழுக்க எழுதி, தமிழில் பொருளும் போட்டிருக்கிறாய். எமோஸ், எமே என்று வாய்விட்டுப் படித்தேன், பக்கத்து மெஷின் மணிகண்டன் என்ன பாய் ஓதுறீங்க என்றான். அதில் என் உம்மா இருக்கிறது, என் புத்தகம் இருக்கிறது, என் குதிரைகூட இருக்கிறது. நமக்கு ஏதும்மா குதிரை? வாப்பாவை மட்டும் காணோம், பக்கத்தைத் திருப்பியும் பார்த்தேன். பாடத்தில் உள்ளதைத்தான் எழுதியிருப்பாய், தெரியும், இருந்தாலும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது ஹிஃப்ஸா. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை.

அதற்காக விசாவைக் காப்பாற்ற ஓடி வராதே. பரீட்சையை நல்லபடியாக எழுது, தேதி போனால் போகட்டும். முடித்துவிட்டு வா, விருந்தாளி என்றே எழுதிக் கொடுத்துவிட்டு ஏர்போர்ட்டில் பெட்டி தூக்க நிற்கிறேன். வெளியே போகும்போது காதை மூடிக் குல்லா போடு. அல்லாஹ் உனக்கு நல்ல அறிவையும் ஆயுளையும் தருவானாக.

ஒன்று சொல்ல மறந்தேன். நோட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. என் என்பதை உம்மாவுக்கு ஒரு விதமாகவும் குதிரைக்கு வேறு விதமாகவும் எழுதியிருக்கிறாய். உம்மாவுக்கு உள்ளதைப் பார்த்து எழுத்தெழுத்தாக வரைந்து, பக்கத்தில் தமிழில் மகள் என்று எழுதி வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் வந்து திருத்து.

இப்படிக்கு,
உன் வாப்பா
அஸ்கர் அலி