நாலரைக்குள் மாட்டிய சக்கரங்கள்

என் அன்பான என்னங்க,

உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகவில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிறதே, கடிதத்திலாவது எழுதிப் பார்ப்போம் என்று பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. பழையபடி என்னங்கதான்.

பிஸ்கட்டவேயில் அதே அபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். மருந்துக் கம்பெனி லேபில் வேலை. கார் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஃப்ரீவேயில் போகுமுன் இறங்கி நான்கு சக்கரத்தின் நட்டுகளையும் ஸ்பேனர் போட்டுப் பார்க்கிறேன். கீழ்வீட்டு ஆன்ட்டி எனக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று நினைக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

ஆனால் இதைச் சொல்ல எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சாகும்வரை சொல்லக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

அந்தத் தீபாவளிக்கு அக்கா டெக்சாஸிலிருந்து வந்திருந்தார். பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பில் துருவேறிய பழைய காரைத் தள்ளிவிட்டு, நீங்கள் இன்னொரு கார் வாங்கியிருந்தீர்கள். பழையதில் நீங்கள் ஆசைப்பட்டு மாட்டியிருந்த அலாய் சக்கரங்களை மட்டும் விட மனமில்லை. துளைகள் அப்படியே பொருந்துகின்றன என்று பார்க்கிங் லாட்டிலிருந்தே கத்தினீர்கள். 

வாங்கின காரிலும் சக்கரம் உட்காரும் இடமெல்லாம் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து மூன்றை மாட்டினீர்கள். நான்காவது, டிரைவர் பக்கத்து முன்சக்கரம். அதற்குள் அக்கா கையில் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குமுன் வண்டி பழத்தின்மேல் ஏறி இறங்க வேண்டும். மெட்ராஸ் ராகு அமெரிக்காவுக்கு விசா வாங்கிவிட்டானா என்று கேலி செய்தீர்கள். கேலியோடு சரி. அக்கா சொல்லை நீங்கள் எப்போது தட்டியிருக்கிறீர்கள்? தேய்க்காமலே மாட்டினீர்கள், அவசரமாக முறுக்கினீர்கள், ஜாக்கியை இறக்கினீர்கள்.

"நாளைக்கு இன்னொரு தடவ டைட் பண்ணிக்கறேன்" என்றீர்கள். அந்த நாளை வரவேயில்லை. அக்காவை ஏர்போர்ட்டில் விட்டீர்கள், வேலைக்குப் போய் வந்தீர்கள். அந்த வாரக் கடைசியில் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். முன்சக்கரம் தனியாகக் கழன்று ஓடியிருக்கிறது என்றார். துருவின் மேல் மாட்டினால் ஓட ஓடத் துரு உதிர்ந்து நட்டு தளர்ந்துவிடும், ஐம்பது மைல் ஓட்டியதும் மறுபடி முறுக்க வேண்டும் என்று அவரே நின்று விளக்கினார். எனக்கு அப்போது அது எதற்கு?

காரியத்துக்கு வந்த அக்கா, எப்படி ஆச்சு வசந்தி என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். ரோட்டில் ஐஸ், கார் வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டேன். தாயில்லாத உங்களை இடுப்பில் வைத்து வளர்த்தவர். அவரிடம் வேறு என்ன சொல்வது? அதன்பிறகு ஊரெல்லாம் அவர், இவளுக்குப் பளபளவென்று கார் வேண்டும், ஐஸ் விழுகிற ஊரில் அவனை ஓட ஓட விரட்டினாள் என்று பேசியது என் காதுக்கும் வந்தது. எனக்குக் கோபம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல போன் செய்தார். கார்த்திக் கார் வாங்கியிருக்கிறான் என்றார். உங்கள் அக்கா பிள்ளைதான், இப்போது காலேஜுக்குப் போகிறான். சிநேகிதன் காரிலிருந்து அலாய் சக்கரங்களைக் கழற்றி வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறானாம். நாலரைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன் என்றார். நான் அடுப்பை அணைத்தேன்.

நிதானமாகத்தான் ஆரம்பித்தேன். அவசரம் வேண்டாம், துருவைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், இன்று ஓட்ட வேண்டாம் என்றேன். கராஜில் ஒருவர் சொன்னதாகப் பொய்கூடச் சொன்னேன். அவர் கேட்டால்தானே.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது வசந்தி. நாளைக்கு டைட் பண்ணிக்குவான்."

அதே வார்த்தை. நான் என்ன செய்யட்டும், சொல்லுங்கள்?

"அவரும் நாளைக்குன்னுதான் சொன்னார், அண்ணி. அன்னிக்கு ரோட்டுல ஐஸ் இல்ல."

ரிசீவர் எதன்மேலோ விழுந்த சத்தம். அப்புறம் வாசலில் அவர் குரல், கார்த்திக்கின் "வாட் ஹாப்பன்ட், மா?" நான் போனை வைக்காமல் நின்றேன். திரும்பி வந்து எடுத்தார்.

"அப்போ நான்தானா வசந்தி?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அந்த ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

கார்த்திக் சக்கரங்களைக் கழற்றிவிட்டான். பிள்ளை பிழைத்தான். ஆனால் அவன் தினமும் போன் செய்து, "அம்மா ஈஸ் நாட் ஈட்டிங், அத்தை" என்கிறான். ராத்திரி எழுந்துபோய் வாசலில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறாராம். நான் ஒரு உயிரைக் காப்பாற்றப் போய் இன்னொன்றைக் கொன்றுவிட்டேனா?

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு டெக்சாஸ் போகிறேன். போய் என்ன சொல்வது என்று முடிவு செய்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம். உங்கள் தம்பிக்கு வாய் இருந்ததே அண்ணி, கொஞ்சம் பொறு அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மறுநாள் முறுக்கியிருக்கலாமே, இஞ்சினியர்தானே என்று சொல்லப்போகிறேன். அக்கா நம்பும்வரை, ஒரு வாய் சோறு இறங்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. பழி முழுவதையும் உங்கள் தலையில்தான் போடப்போகிறேன். உங்களுக்கு இனி எதுவும் வலிக்காது. உங்கள் அக்கா தாங்கமாட்டார்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் தம்பி பெண்டாட்டி,
வசந்தி