ஆர்க் சாய்ந்த வாரம்

ஜூன் 9, திங்கள்

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. நெமிலிச்சேரியில் டிரெயின் லேட். அம்பத்தூர் போய்ச் சேர்ந்ததும் முதல் செய்தி: வெல்டிங் ஜாயின்ட் எக்ஸ்-ரேயில் பதினாலாம் நம்பர் மறுபடி ஃபெயில். மூன்றாவது தடவை. எங்கள் ஷாப்பில் வெல்டர் தன் நம்பரை ஜாயின்ட் பக்கத்தில் பஞ்ச் அடித்தாக வேண்டும். தப்பினால் ஆள் யாரென்று உடனே தெரியும். 14 = தாசன் அண்ணன். இருபது வருஷ சர்வீஸ். கூப்பிட்டுக் கேட்டேன்.

"நான் இன்னா மேடம் பண்றது? ஆர்க்கு ஒரு பக்கமா ஓடிக்கினே கீது. புட்ச்சு நிறுத்தவா முடியும்?"

வெல்டிங் பொறி தானாகச் சாயுமா? சாக்கு என்று நினைத்தேன். இன்ஸ்பெக்ஷன் என் பொறுப்பு, டெலிவரி கழுத்தில் கத்தி. ரிப்போர்ட்டில் காரணம்: வெல்டரின் திறமைக் குறைவு. கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

என் ரிப்போர்ட்டைப் பார்த்து மேனேஜர், தாசன் அண்ணனின் வெல்டர் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார். அது இல்லாமல் வெல்டிங் பண்ண முடியாது. இன்று அவருக்குத் துரு தேய்க்கும் வேலை. கேன்டீனில் யாரோ, "பெர்சுக்கு கண்ணு பூட்ச்சு மாமே." அவர் காதில் விழுந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

வாங்க வேண்டியவை: தோசை மாவு, லைட்டர், தலைவலி மாத்திரை.

ஜூன் 11, புதன்

அவர் இடத்தில் ரமேஷ், நல்ல வெல்டர். அவன் ஜாயின்ட்டும் அவுட்! சே.

நேரில் போய் முகத்துக்கு ஷீல்டு பிடித்துப் பார்த்தேன். ஆர்க் நேராக நிற்கவில்லை, யாரோ ஊதிவிட்ட மாதிரி இடப்பக்கம் சாய்கிறது. அப்போதுதான் உறைத்தது. ஒரு குண்டூசியை வெல்டிங் பண்ணும் இரும்பு பிளேட் ஓரத்தில் வைத்தேன். ஒட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றது. பிளேட் காந்தமாகிக் கிடக்கிறது.

ஆர்க் என்பது பிளாஸ்மா. அதில் ஓடுவதெல்லாம் மின்னூட்டத் துகள்கள். காந்தப்புலம் குறுக்கே வந்தால் பக்கவாட்டில் தள்ளிவிடும். காலேஜில் பதினாறு மார்க் கேள்வி. முழு மார்க் வாங்கியவள். என்ன பிரயோஜனம்?

இதைவிடக் கேவலம், சங்கிலியால் தூக்கினால் பிளேட்டில் கீறல் விழுகிறது, காந்த லிஃப்டரால் தூக்கலாம் என்று போன மாதம் யோசனை சொன்னதே நான். மீட்டிங்கில் கைதட்டல் வேறு. அந்த லிஃப்டரின் காந்தம்தான் பிளேட்டில் ஏறியிருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

மேனேஜர்: "பழியை பிளேட் சப்ளையர் மேல போட்டுடலாம். உங்க பேரு எதுக்கு நடுவுல?" கடுப்பு. முடியாது என்றேன். லிஃப்டர் என் யோசனை, ரிப்போர்ட் தவறு, இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் அண்ணனின் கார்டை என்னிடம் திருப்பித் தந்தார்.

ஜூன் 13, வெள்ளி

மேகமூட்டம். பிளேட்டின் காந்தம் எடுத்தாயிற்று. ரமேஷ் போட்ட ஜாயின்ட் பாஸ்.

எல்லார் முன்னாலும் தாசன் அண்ணனிடம் கார்டைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மேடம்" என்றார். ஷீல்டை இறக்கி, ஹோல்டரை எடுத்து, பிளேட் முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஆர்க் வரவில்லை.

ஷீல்டைத் தூக்கினார். "மூணு நாளா எனக்கே என் மேல டவுட்டு வந்துட்ச்சு மேடம். இப்ப பாருங்க, நெஜமாவே கை நடுங்குது."