கொண்டி போட்ட அரைமணி நேரம்

1954 ஆகஸ்ட் 16, திங்கள்

இன்றும் முடியவில்லை. ஆறு மணிக்கு வேதப்புத்தகத்தைத் திறந்தேன். ஆடு கத்தியது. என் வீட்டுக்காரர் ஈசாக் நேற்றைய பத்திரிகையை உரக்க வாசித்தார். மரச்சீனிக் கிழங்கு எங்கே என்று மாமி கேட்டாள். எழுந்துவிட்டேன். மார்த்தாண்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்த நாளிலிருந்து எங்கள் குன்னத்துகாலில் வேறு பேச்சில்லை. முழங்காலில் நின்றாலும் என் காது தெருவில் கிடக்கிறது.

ஆகஸ்ட் 18

பள்ளிக்கூட மானேஜர் கூப்பிட்டார். இந்தத் தமிழ்ப் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஊர்வலம் போனவர்களில், என் வகுப்புப் பிள்ளைகளின் தகப்பன்மார் யார் யாரென்று எழுதித் தர வேண்டுமாம். போலீஸ் கேட்கிறதாம்.

“எல்லா வீடும் டீச்சருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை வேணும். இல்லேன்னா வேலை காணாது.”

வீட்டில் சொன்னேன். ஈசாக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எழுதிக் குடு. நீ எழுதல்லேன்னா வேற ஆளு எழுதும்.” கர்த்தரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். மாமி சிரித்தாள்.

ஆகஸ்ட் 19

கதவில் கொண்டி போட்டேன். மாமி தட்டினாள்.

“சுகிர்தம், தெறக்கியா இல்லியா? மருமொவ கதவடைச்சிட்டு இருந்தா ஊரு என்ன சொல்லும்?”

“அரை மணிக்கூறு கழிஞ்சு வாறேன் மாமி.”

திறக்கவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. ஆனால் உள்ளே? அடுப்பு, திருத்தாத நோட்டுகள், வேலை போனால் என்ன செய்வது — எல்லாம் மண்டைக்குள் சந்தை. இதற்கு எங்கே கொண்டி போட? போகட்டும். நாளைக்கும் இருப்பேன்.

ஆகஸ்ட் 20, வெள்ளி

இத்தனை நாளும் நானேதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இன்று வாயை மூடி இருந்தேன். குரல் ஒன்றும் கேட்கவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்பது போல், பிள்ளைகள் ஒவ்வொருவராக மனதில் வந்தார்கள். போலீஸ் வந்து தகப்பனை இழுக்கும்போது இவர்கள் எங்கே நிற்பார்கள்? இதைவிடத் தெளிவாகக் கர்த்தர் எப்படிப் பேசுவார்?

மானேஜரிடம் நேரே போனேன். “தரமாட்டேன் சார்.”

“ஆரு சொல்லித் தந்தது? ஈசாக்கா?”

“அவரு எழுதத்தான் சொன்னாரு. கேக்க வேண்டிய எடத்துல நான் கேட்டாச்சு.”

திங்கட்கிழமை முதல் வர வேண்டாமாம்.

ஆகஸ்ட் 27

வேலை இல்லை. மாமி பேசுவதில்லை. கொண்டி போடுகிறேன்.

செப்டம்பர் 2

என் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் அம்மா புஷ்பபாய் வந்தாள். மாமியிடம்தான் சொன்னாள்: “எனக்க மாப்பிள இண்ணும் வீட்டுல இருக்கது ஒங்க மருமொவளாலயாக்கும். டீச்சர் வராம எங்க பிள்ளேள பள்ளிக்கூடத்துக்கு விடமாட்டோம்.” இரவு மாமி என் தட்டில் ஒரு மீன் கூடுதலாக வைத்தாள்.

செப்டம்பர் 6, திங்கள்

காலையில் ஜெபத்தில் இருக்கும்போது முற்றத்தில் மானேஜர் குரல். “டீச்சரத் திரும்ப விளிக்க வந்தேன். வகுப்புல ஒரு பிள்ளயும் இல்ல.”

எழப் போனேன். அதற்குள் மாமி:

“சத்தம் வைக்காதேயும். அவ உள்ள கர்த்தர்ட்ட கேட்டுட்டு இருக்கா.”

“அவசரமாக்கும் அம்மா.”

“ஒமக்கு எப்பவும் அவசரந்தான். அந்தக் கல்லுல இரியும்.”

மறுபடி முழங்காலில் நின்றேன். அரைமணி நேரமும் நின்றேன்.